தூங்கும் பிள்ளையை எழுப்புங்கள்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், ‘சமர்த்து, தொந்தரவே இல்லை’ என்று வீட்டுப் பெரியவர்கள் பூரித்துப்போவார்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தத் தூக்கத்தை நம்பிவிடாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கலாம்.

வயிற்றில் இருக்கும்வரை தொப்புள்கொடி வழியாகத் தாயின் சர்க்கரை ஓயாமல் வரும். கொடியை வெட்டியதும் அது நின்றுவிடுகிறது. பிறந்த ஓரிரு மணி நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் சர்க்கரை சற்று இறங்கும். நிறைமாதப் பிள்ளை கல்லீரலில் சேர்த்துவைத்ததைக் கொண்டு சமாளித்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பு பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் நடக்கிறது. 32 வாரத்திலேயே வந்துவிட்ட பிள்ளைக்குக் கையிருப்பு ஏது? உடம்பில் கொழுப்பும் இல்லை. குளிர்ந்துபோனால், சூடு காக்கவே இருக்கிற கொஞ்சமும் கரைந்துவிடும். தாயின் மார்போடு அணைத்து வைக்கச் சொல்வது இதனாலும்தான்.

சர்க்கரை அளவைப் பார்க்க, குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். அந்தப் பாதம் நம் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும்; தோலுக்கடியில் நரம்பு ஓடுவது தெரியும். “இன்னும் எத்தனை தடவைதான் குத்துவீங்க சிஸ்டர்?” என்று பாட்டிமார் கண்கலங்குவார்கள். அவர்கள் வேதனை நியாயமானது. ஆனால் சில பிள்ளைகளுக்குத்தான் கைகால் நடுங்கும், அழுகை மெலியும், மூச்சு விட்டுவிட்டு வரும். பல பிள்ளைகள் எதையுமே காட்டாது. குத்தித்தான் பார்க்க வேண்டும்.

சர்க்கரைதானே குறைவு என்று சீனித்தண்ணீரோ தேனோ தொட்டுவைக்காதீர்கள். சேனை வைக்கும் ஆசை எனக்கும் புரியும். தேனில் இருக்கும் கிருமியை அந்தக் குடல் தாங்காது. சீம்பால்தான் முதல் உணவு. உறிஞ்சி விழுங்கத் தெரியாத பிள்ளைக்குக் குழாய் வழியாக, கொஞ்சம் தேறியதும் பாலாடையில். அதுவும் போதாதபோது மருத்துவர் நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றுவார், அதையும் அளந்துதான். மிகச் சிறிய பிள்ளைகளுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி ஏறுவதும் உண்டு; அதுவும் ஆபத்து.

சர்க்கரை இறங்கியதால் பிற்காலத்தில் மூளை பாதிக்குமா என்பதே எல்லாத் தாய்மாரின் பயம். 1988-இல் பிரிட்டனில் 661 குறைமாதக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஐந்து நாளோ அதற்கு மேலோ சர்க்கரை 47 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய பிள்ளைகள் 18 மாதத்தில் வளர்ச்சியில் பின்தங்கியிருந்தார்கள். அங்கேயே வேறு பிள்ளைகளை 15 வயதுவரை பின்தொடர்ந்து 2012-இல் வெளியான இன்னோர் ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஒருமுறை இறங்கியதாலேயே பிள்ளையின் எதிர்காலம் போய்விட்டது என்று எந்தத் தாயும் உருகிப்போக வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப இறங்கியிருந்தால் அலட்சியம் கூடாது. எடை ஏறியதும் ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று மறுபரிசோதனையை விட்டுவிடும் குடும்பங்களை நினைத்தால்தான் எனக்கு மனம் பதறும். உட்காருகிறதா, பார்வையும் காதும் எப்படி என்று அங்கேதான் பார்ப்பார்கள். மருமகளைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் எழுப்பிப் பால் கொடுங்கள், நடுராத்திரியிலும்தான். உள்ளங்காலைத் தேய்த்து, துணியைத் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் கண் திறக்காமல், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.