உள்ளே குளிர், வெளியே அனல்

அக்னி நட்சத்திர நாட்களில் அண்ணாமலையார் கோயிலில் தாராபிஷேகம் நடக்கும். லிங்கத்துக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட பாத்திரத்தின் துளை வழியே நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்புக்கு உரியது. நெருப்பே உருவான சுவாமிக்கும் மே மாதத்தில் குளிர்ச்சி வேண்டும் என்று எண்ணிய பக்தியை நினைக்கும்போதெல்லாம் மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது. வெயில் தாங்கவில்லை என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்பதை இந்த ஊர் என்றைக்கோ ஒப்புக்கொண்டுவிட்டது. ரமண மகரிஷியே விரூபாக்ஷ குகையில் இருந்த ஆண்டுகளில், கோடையில் அங்கே தண்ணீர் கிடைக்காது என்பதால் மாமரத்துக் குகைக்கு இடம் மாறித் தங்குவார்.

நாம் இடம் மாற முடியாது. திண்ணையும் முற்றமும் வைத்த ஓட்டு வீடுகளை இடித்து, மூன்று பக்கமும் அடைத்த கான்கிரீட் வீடுகளைக் கட்டிக்கொண்டோம். பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் இரவு பதினோரு மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். ஃபேன் அந்த அனலைத்தான் சுற்றிவிடும். பகல் வெயிலில் களைத்த உடம்பு ராத்திரியில் ஆறியாக வேண்டும். வயதானவர்களுக்கும் இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் அது ஆறாமல் போவதே பெரிய ஆபத்து. அம்மா இரவெல்லாம் ஈரத் துண்டை நனைத்து நனைத்து மார்பில் போட்டுக்கொள்வதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டிலும் ஏசி வந்தது. அதை ஆடம்பரம் என்று யாரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வந்த நாள் முதல், அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணமும் கூடவே வந்தது.

கட்டடம் முழுவதுக்கும் ஒரே இயந்திரம், கூரைக்குள் குழாய் என்ற ஏற்பாட்டை நம் பக்கத்தில் பெரிய கல்யாண மண்டபங்களில்தான் பார்க்கலாம். வீடுகளில் இருப்பது ஸ்பிளிட் ஏசி. அறைக்குள் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இடையில் செம்புக் குழாய். பெரியதோ சிறியதோ, எல்லாம் செய்வது ஒரே வேலைதான். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகின்றன. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் இதை வடிவமைத்தபோது, காற்றில் இருந்த ஈரம் அச்சுக் காகிதத்தைச் சுருக்கி விரிப்பதைத் தடுப்பதே நோக்கமாக இருந்தது. மனிதருக்கான சுகம் பின்னால் வந்தது.

ஒன்றரை டன் ஏசி என்று கடையில் சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். ஒரு டன் என்பது, ஏறத்தாழ 900 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உள்ளே இழுக்குமோ அந்த அளவு. ஐஸ் கட்டிகள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் அடுக்கப்பட்ட காலத்தை நினைத்தால் இந்த அளவின் பிரம்மாண்டம் புரியும். அத்தனை வெப்பமும் நம் படுக்கையறையிலிருந்து வெளியேறி எங்கோ மறைந்துவிடுவதில்லை. இயந்திரம் ஓடச் செலவான மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துக்கொண்டு, நம் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறது. ஏசியைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைப்பதுதான். குளிர் நம்முடையது என்றால் அதன் அனலும் நம் பொறுப்பு.

முதலில் மின்சாரம். வேகம் மாறாத பழைய வகை ஒன்றரை டன் ஏசி, நிற்காமல் ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட் அளவுக்கு எடுக்கும். மாடவீதியை ஒட்டிய பழைய வீடுகளின் வயரிங், டியூப்லைட்டையும் ஃபேனையும் மனதில் வைத்துச் செய்தது. அதில் ஏசியைச் செருகினால் சுவருக்குள் கம்பி சூடாகிக்கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. மீட்டர் பக்கத்திலிருந்து தனிக் கம்பி, வழக்கமாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதற்கென்று தனி எம்.சி.பி. சுவிட்ச் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே கூடாது. பிளக் தொட முடியாமல் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ அந்த நிமிடமே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ஈ.பி. அலுவலகத்தில் லோடு கூட்டிக் கேட்பதையும் தள்ளிப்போடக் கூடாது. நம் வீட்டில் ஏறியிருக்கும் சுமை தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் தெரிந்தாக வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம் எர்த். மலையடிவாரத்தில் குழி தோண்டினால் சீக்கிரமே பாறை தட்டுப்படும். கோடையில் மேல்மண்ணும் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் சரியாக இறங்காது. ஏசியின் உலோகக் கூட்டில் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல், தொடுகிறவர் உடம்பைத் தேடும். அதனால்தான் பழைய எலக்ட்ரீஷியன்கள் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். செடிக்கு ஊற்றும்போது அந்தக் குழிக்கும் ஒரு குடம் ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். அதோடு கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று மெயின் சுவிட்ச் பெட்டியில் இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிப் போடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். விழுவதுதான் அதன் வேலை. ஏன் விழுகிறது என்று தேடுவது நம் வேலை.

தேர் ஓடும் நாளில் மாடவீதிகளில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். திரும்ப வரும்போது தெரு முழுக்க எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறும், வோல்டேஜ் தள்ளாடும். அந்த நேரத்தில் ஏசி உடனே ஓடத் தொடங்கக் கூடாது. கம்ப்ரஸருக்குள் ஏறியிருக்கும் அழுத்தம் தணிய மூன்று நிமிடமாவது வேண்டும். நல்ல ஸ்டெபிலைசர் அந்த இடைவெளியைத் தானே தரும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் என்றால் எம்.சி.பி.யை இறக்கிவிடுவது உத்தமம்.

அடுத்தது கேஸ். வருஷா வருஷம் கேஸ் நிரப்ப வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் மெக்கானிக் தம்பி முதல் நாளே அழுத்திச் சொன்னான்: “கேஸ் எங்கயும் செலவாகாதுக்கா. உள்ளுக்குள்ளயே சுத்திட்டு இருக்கும். கொறஞ்சிருக்குன்னா எங்கயோ லீக்கு. அத அடைக்காம ரொப்புனா காசும் போச்சு, கேஸும் போச்சு.” பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பது. 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அது விலக்கப்பட்டு வருகிறது. இன்று பெரும்பாலும் வருவது ஆர்-32. ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைப்போல 600 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும். தீப்பொறி பட்டால் மெல்ல எரியவும் செய்யும். சில ஏசிகளில் இருக்கும் ஆர்-290 என்பது புரொப்பேன், நம் சமையல் கேஸின் இனம். ஆகவே எந்த கேஸ் என்று பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றுக்காகச் செய்த இயந்திரத்தில் இன்னொன்றை நிரப்ப ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. கேஸ் வேலை நடக்கும்போது அகல் விளக்கு, ஊதுபத்தி எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட உயிருக்கு அருகில் நிற்கும் ஆபத்து, லீக் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க நைட்ரஜன்தான் பயன்படுத்த வேண்டும். அது கைவசம் இல்லை என்று வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது தூக்கி வந்தால், வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டும். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். அதில் போவது அந்த மெக்கானிக்கின் உயிர். 2019-இல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் ஏசி தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது. அரசு அப்படி ஓர் இலக்கு வைக்கும் அளவுக்கு இது ஆபத்தும் நுட்பமும் நிறைந்த தொழில். சன்ஷேடில் செருப்பில்லாமல் நின்று, முப்பது கிலோ பெட்டியை ஒற்றைக் கையில் தாங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.

பராமரிப்பைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மலை உச்சியில் மகா தீபம் ஏற்றும் கொப்பரையை ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு முன்னதாகச் சீர்செய்து, வண்ணம் பூசி, பிறகுதான் மேலே கொண்டுபோகிறார்கள். ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு. ஏற்றிவிட்டு இறங்கி வந்துவிடுவதில்லை. 11 நாளும் நெய்யும் திரியும் குறையாமல் அதைக் காக்கிறார்கள். நெருப்பை வைத்திருக்கிறவர் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். சுவரில் மாட்டிய ஏசிக்கும் அந்தக் கவனம்தான் வேண்டும்.

கிரிவலப் பாதையின் புழுதி, சாம்பிராணிப் புகை, கற்பூரக் கரி எல்லாம் உள்பெட்டியின் ஃபில்டரில்தான் போய்ப் படியும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் குழாயில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். முன்னதாக எம்.சி.பி.யை இறக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மாசி மாதத்தில், வெயில் ஏறுவதற்குள், முழு சர்வீஸ் செய்துகொள்வது நல்லது. சித்திரையில் மெக்கானிக் கிடைக்கவே மாட்டார். வெளிப்பெட்டியின் மூடியை நாமே கழற்றக் கூடாது; மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். நம் போர்வெல் தண்ணீரை வெளிப்பெட்டியில் பீய்ச்சுவதும் வேண்டாம். அதிலுள்ள உப்பு தகடுகளில் வெள்ளையாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். மாறாக, உள்பெட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பே இருக்காது. குடிக்க உதவாது, துளசிக்கும் செம்பருத்திக்கும் ஊற்றலாம். அது சொட்டுவது நின்று சுவரில் ஈரம் படர்ந்தால், வடிகுழாயில் பாசி அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மலையை ஒட்டிய தெருக்களில் குரங்குகள் குழாய்மேல் சுற்றிய கறுப்பு நுரையைப் பிய்த்துவிடும். வடிகுழாயைப் பிடித்துத் தொங்கும். பல்லி உள்ளே புகுந்து போர்டைக் கருக்கிவிடும். கம்பிக் கூண்டு போடலாம், ஆனால் அகலக் கண்ணி உள்ளதாக, பெட்டியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். நெருக்கி அடைத்தால் வெளியே விட்ட அனலையே பெட்டி திரும்ப இழுத்துக்கொண்டு திணறும்.

அறைக்குள் இருக்கும் காற்றும் நினைவில் இருக்கட்டும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றுகிறது. கதவடைத்த அறையில் கொசுவர்த்தி கொளுத்திவிட்டுக் குழந்தையைப் படுக்கவைப்பது விஷப் புகைக்குள் படுக்கவைப்பது. கொசுவலை கட்டுங்கள். படுக்கும் முன் சற்று நேரம் ஜன்னலைத் திறந்துவையுங்கள். 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அந்த 24-ஐ 18-க்கு இறக்கினால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடாது. கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் அம்மாவுக்கு நிம்மதியான தூக்கம். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் ஏறத்தாழ ஆறு சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் நம் மாநிலத்தில் அது சின்ன மிச்சம் இல்லை.

ஏசிக்கு வேலையைக் குறைக்கும் வழிகளும் கையில் இருக்கின்றன. மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தால் தளம் குறைவாகச் சுடும். மேற்குச் சுவருக்கு ஒரு வேம்பின் நிழல் வேண்டும். 1980-களில் வெறும் பாறையாகக் கிடந்த இந்த மலையைத் தன்னார்வலர்களும் வனத்துறையும் கன்று நட்டு, ஒவ்வொரு கோடையிலும் எலுமிச்சம்புல்லில் பிடிக்கும் தீயோடு போராடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பசுமையாக்கினார்கள். ஒரு மலைக்கே நிழல் உண்டாக்க முடிந்த ஊரில், ஒரு சுவருக்கு நிழல் உண்டாக்குவது பெரிய காரியமா?

இனி அந்த அனல் போய் நிற்கும் இடம். குறுகிய சந்துகளில் வெளிப்பெட்டிகள் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து நிற்கின்றன. ஏசி வாங்க முடியாத வீட்டின் ஒரே ஜன்னலாக அது இருக்கலாம். கிரிவலப் பாதையில் சித்ரா பௌர்ணமிக்கு வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடக்கும் மூதாட்டியின் முகத்திலும், பூக்கட்டி விற்கிறவர் முதுகிலும் அந்தக் காற்று அடிக்கிறது. பெட்டியை மாடிக்கு ஏற்றச் சில மீட்டர் குழாய் கூடுதலாக ஆகும். அந்தச் செலவு நியாயமானது. புதிதாக ஏசி மாட்டப்போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இடத்தை முடிவுசெய்வதற்குள், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வெளிப்பெட்டியின் எதிரே, மே மாத மதியத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பிறகு, தினமும் யாராவது நின்றாக வேண்டிய பக்கமாக அதைத் திருப்பிவைக்க உங்களுக்கு மனசு வராது.