அம்மிச்சியின் முழங்கால்

கல்யாண வீட்டில் நாலு மூத்த பெண்மணிகள் ஒன்றுகூடினால் நகையைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்தபடி மருமகளைப் பற்றிப் பேசுவார்கள் என்று கதாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் சும்மா! பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் பேச்சு நேரே முழங்காலுக்குத்தான் போகும். ஒருவருக்குப் படி ஏறினால் வலி. இன்னொருவருக்கு இறங்கினால் வலி. மூன்றாமவருக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நாலாமவர் பையில் ஒரு தைலப் புட்டி நிச்சயம் இருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பாரே!

எங்கள் வீட்டில் அது அம்மிச்சி. கொங்கு நாட்டில் அம்மாவைப் பெற்றவளை அப்படித்தான் கூப்பிடுவோம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். காங்கேயம் என்றதும் உங்களுக்குக் காளை நினைவு வரும். ஆனால் ஊரை நெருங்கினால் முதலில் வரவேற்பது தேங்காயெண்ணெய் வாசனைதான். சுற்று வட்டாரமெங்கும் கொப்பரை உலர்த்தும் களங்களும் எண்ணெய் ஆலைகளும். களத்தில் காய்ந்த தேங்காயை ஓட்டிலிருந்து பெயர்த்தெடுக்கும் வேலையில் பெண்கள் நிறையப் பேர். அம்மிச்சியும் பல வருஷம் அப்படித் தரையில் குந்தி உழைத்தவள். வீடு திரும்பினால் மாடு, அடுப்பு, அம்மிக்கல். எழுபது தாண்டியதும் முழங்கால் கணக்குக் கேட்க ஆரம்பித்தது.

முதலில் வீட்டு வைத்தியம் நடந்தது. நொச்சித் தழையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம், சூடான எண்ணெய்த் தேய்ப்பு, முடக்கத்தான் கீரையை அரைத்து ஊற்றிய தோசை, கொள்ளு ரசம். இவற்றை நான் கேலி செய்ய மாட்டேன். சூடு பட்டால் இறுகிய தசை தளர்கிறது. அன்பான கை ஒன்று பத்து நிமிஷம் காலைப் பிடித்துவிட்டால் வலி சற்று அடங்குகிறது. அந்த நிம்மதி பொய்யல்ல. ஆனால் தேய்ந்துபோன குருத்தெலும்பை எந்த எண்ணெயும், எந்தக் கீரையும் திரும்ப வளர்த்துவிடாது.

அடுத்து வந்தது ஊர் உபதேசம். "உழைச்சது போதுமுங்க ஆத்தா, பேசாம உக்காருங்க" என்றார்கள் பார்க்க வந்தவர்கள் எல்லாரும். அம்மிச்சியும் கயிற்றுக் கட்டிலே கதி என்று உட்கார்ந்தாள். சில மாதங்களில் தொடை மெலிந்தது. கிருத்திகைக்குச் சிவன்மலை போவது நின்றது. ஒருநாள்தான் விஷயம் வெளியே வந்தது: சாயங்காலத்துக்குமேல் அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை! இரவில் எழ வேண்டி வந்தால் மருமகளைக் கூப்பிட வேண்டுமே என்ற வெட்கம். முழங்கால் வலி ஒரு மனுஷியின் தாகத்தையே பறித்துவிட்டது, பார்த்தீர்களா?

அதன்பிறகு இயன்முறை வைத்தியம் படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் மருந்து எதுவும் எழுதவில்லை. "எந்திரிச்சு நடங்க அம்மிச்சி" என்றாள்.

"ஏங் கண்ணு, நோவுதுன்னுதானே உன்னையக் கூப்பிட்டது? நீயே நடக்கச் சொன்னா எப்படி?"

"மாட்டை ஆறு மாசம் கட்டுத்தறியிலேயே கட்டிப் போட்டா அதுக்குக் கால் வருமுங்களா?"

மாடு வளர்த்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நமக்குக் கொஞ்சம் சொல்கிறேன். மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீர்தான் அதற்கு ஆகாரம். காலை மடக்கி நீட்டும்போதுதான், பஞ்சை அமுக்கி விடுவதுபோல, அந்த நீர் உள்ளே போய் வருகிறது. தொடைத் தசை வலுவாக இருந்தால் மூட்டின் சுமையில் அதுவும் பங்கு கொள்ளும். முடங்கிக் கிடந்தால் இரண்டும் கெட்டது!

பயிற்சி ரொம்பச் சுலபம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை. பிறகு கையை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழக வேண்டும். அப்புறம் வாசல் வரை நடை, தெருமுனை வரை நடை. கைத்தடியை நோகாத காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். அரிவாள்மணை தரையிலிருந்து மேஜைக்கு ஏறியது. கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி வந்தது. பருமனாக இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: உடம்பில் 1 கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும்.

நொச்சி ஒத்தடம் நிற்கவில்லை. ஒத்தடம் முடிந்த கையோடு நடை என்று ஆயிற்று. சூட்டில் தளர்ந்த கால் சுலபமாக மடங்குகிறதே!

வலி போயிற்றா என்று கேட்பீர்கள். முழுதும் போகவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் அம்மிச்சி தானாக எழுந்து கழிவறைக்குப் போகிறாள்; இரவில் தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கிறாள். சிவன்மலைக்குப் படியேறாமல் வண்டிப் பாதையில் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

சில எச்சரிக்கைகளையும் மனத்தில் வையுங்கள். சர்க்கரை வியாதியால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது. ஒத்தடத்தை உங்கள் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் தாமாக வாங்கி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். 'ஒரே வாரத்தில் குணம்' என்று விற்கும் பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. மூட்டு சிவந்து வீங்கினாலோ, கூடவே ஜுரம் வந்தாலோ, விழுந்தபிறகு கால் ஊன்ற முடியாவிட்டாலோ, கைவைத்தியத்தை விட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

சகோதரிகளே! மாமியாரோ தாயாரோ, வீட்டிலுள்ள பெரியவளிடம் "கால் எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ராத்திரி தண்ணீர் குடித்தீர்களா?" என்றும் கேளுங்கள். பிறகு கையைப் பிடித்துத் தெருமுனை வரை அழைத்துப் போங்கள். உங்கள் முழங்காலுக்கும் அது நல்லதுதான்!