நோ நீன்

ஃபின்லாந்தின் யுவாஸ்கூலாவுக்குக் குடிவந்த முதல் கோடையில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். பக்கத்து வரிசையில் உடம்பெல்லாம் விளம்பரம் ஒட்டிய ஒரு டொயோட்டா வந்து நின்றது. பின்னால் பரண் போல ஓர் இறக்கை, உள்ளே இரண்டு பேர். பந்தயக் கார் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பச்சை விழுந்ததும் சீறிப் பாயப்போகிறது என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதுவோ என்னைவிட மெதுவாகக் கிளம்பியது. சற்றுத் தள்ளி ஒரு பாட்டி சாலையைக் கடக்கும்வரை காத்திருந்து வழிவிட்டுப் போனது.

ராலி அப்படிப்பட்ட பந்தயம். வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓட்டுவதில்லை. பொதுச்சாலையில் சில துண்டுகளை மட்டும் அடைத்து, ஒவ்வொரு காராகத் தனியே விட்டு, விநாடியில் பத்தில் ஒரு பங்குவரை நேரம் எடுப்பார்கள். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் நம்பர் பிளேட்டோடு எல்லாரையும்போல விதிப்படி ஓட்டியாக வேண்டும். ஜனவரியில் மான்டி கார்லோ, பிப்ரவரியில் ஸ்வீடன் பனி, பிறகு கென்யப் புழுதி என்று 2025இல் உலகச் சாம்பியன்ஷிப்புக்கு 14 சுற்றுகள். கோடையின் உச்சத்தில் எங்கள் ஊர்.

எதிர்வீட்டுப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். ஃபின்லாந்தில் சாரும் கிடையாது, ஐயாவும் கிடையாது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு வருஷம் தலையாட்டிப் புன்னகைத்தே சமாளித்தேன். அது அவருக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். பேசாமல் இருப்பவனை இங்கே மரியாதைக்காரன் என்பார்கள். 2024 ஜூலைக் கடைசியில் அவரே வாசலுக்கு வந்து, "ஒவுனின்பொஹ்யா. வருகிறாயா?" என்றார். இரண்டே வார்த்தை. எங்களுக்குள் அதுவரை நடந்ததிலேயே நீண்ட உரையாடல் அதுதான்.

ஒவுனின்பொஹ்யா என்பது காட்டுக்குள் மேடும் பள்ளமுமாக ஓடும் சரளைச் சாலை. சில வருட இடைவெளிக்குப் பிறகு அந்த வருஷம்தான் அதைத் திரும்பப் பந்தயத்தில் சேர்த்திருந்தார்கள். 2003இல் எஸ்தோனியாவின் மார்க்கோ மார்ட்டின் இங்கே ஒரு மேட்டில் 171 கிலோமீட்டர் வேகத்தில் எம்பி, 57 மீட்டர் பறந்து இறங்கினார். பெரியவர் அந்த மேட்டைக் கோயில் வாசலைக் காட்டுவதுபோலக் காட்டினார். மக்கரா என்ற தொத்திறைச்சியைச் சுட்டுக்கொண்டு, பிளாஸ்க்கில் காபியோடு, ஆயிரக்கணக்கானோர் மரங்களுக்கு இடையே உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் கூடிய இடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. கார் வருவதற்கு வெகுமுன்பே சத்தம் வரும். பிறகு ஒரு நொடி கார் வானத்தில் நிற்கும். பிறகு வாய் நிறையப் புழுதி.

அங்கேதான் ஒரு சொல் கற்றேன். ஓட்டுநர் பக்கத்தில் இருப்பவரை ஃபின்னிஷில் 'வரைபடம் வாசிப்பவர்' என்கிறார்கள். பந்தயத்துக்கு முன்பே சாலையைச் சாதாரண வேகத்தில் இரண்டு முறை பார்த்து, ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் எழுதிக்கொண்டு, பந்தயத்தில் அதை வாசிப்பார். அந்தக் குறிப்புக்கு 'நுவோத்தி' என்று பெயர். சங்கீத ஸ்வரத்துக்கும் அதே சொல்தான். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. காதை நம்பித்தான் மிதிக்க வேண்டும். பேச்சே பிடிக்காத நாட்டில், பேச்சை நம்பி உயிரைக் கொடுக்கும் விளையாட்டு.

56 லட்சம் பேர் உள்ள நாடு. ஓட்டுநர் பட்டம் தொடங்கிய 1979 முதல் 7 ஃபின்லாந்துக்காரர்கள் அதை 15 முறை வென்றிருக்கிறார்கள். காரணம் ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. இங்கே லைசென்ஸ் எடுக்கவே வழுக்குத் தரையில் கார் ஓட்டிப் பழக வேண்டும். பத்தடி வழுக்கி நான் வேர்த்து நின்றபோது, அடுத்து வந்த பதினெட்டு வயதுப் பெண் அலட்சியமாகச் சுழற்றி நிறுத்தினாள். 'எவனுக்கும் பந்தயம்' என்று ஒரு பந்தய வகை உண்டு. பந்தயம் முடிந்ததும் உங்கள் காரைப் பந்தய உரிமம் உள்ள யாரும் குறித்த விலைக்குக் கேட்கலாம், மறுக்க முடியாது. அதனால் யாரும் காரில் காசைக் கொட்டுவதில்லை, கையைத்தான் நம்புகிறார்கள்.

எங்கள் ஊர்ப் பந்தயம் 1951இல் பிறந்தது. உலகச் சாம்பியன்ஷிப் 1973இல்தான். பெரியவருக்குப் பிடித்த கதை 1967: டீமோ மேக்கினெனின் மினி கூப்பரின் பானெட் இதே சாலையில் திறந்துகொண்டு கண்ணாடியை மறைத்தது. மனிதர் நிறுத்தவில்லை, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியே ஓட்டினார், ராலியையும் வென்றார். நோர்டிக் நாட்டவர் அல்லாத ஒருவர், ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸ், இங்கே முதன்முதலாக ஜெயித்தது 1990இல். அன்று என்ன தோன்றியது என்று பெரியவரிடம் கேட்டேன். காபியை ஊற்றிக்கொண்டார்.

ஹென்ரி தொய்வொனென் பற்றியும் கேட்டேன். இந்த ஊரில் பிறந்தவர். குரூப் பி எனப்பட்ட அசுர வேகக் கார்களின் காலத்தில், 1986 மே 2 அன்று, கோர்சிகா தீவில் சாலையை விட்டு விழுந்து எரிந்த லான்சியாவில், குறிப்பு வாசித்த செர்ஜியோ கிரெஸ்தோவோடு இறந்தார். வயது 29. அடுத்த வருஷமே அந்த வகைக் கார்கள் தடைசெய்யப்பட்டன. பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

ராலி முடியும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் வானொலி ஓடியது. 22 வயதில் உலகச் சாம்பியனான உள்ளூர்ப் பையன் கல்லே ரொவன்பெரா, நாற்பது விநாடிக்கு மேல் முன்னிலை. முடிய இன்னும் கொஞ்சம்தான். சாலையில் கிடந்த ஒரு கல் காரைப் புரட்டிவிட்டது. அந்தக் கல் எந்த நுவோத்தியிலும் இல்லை. ஃபிரான்ஸின் ஓஷியே வென்றார். பெரியவர் வானொலியை அணைத்து, "நோ நீன்" என்றார். நம் 'சரி' மாதிரியான சொல். ஆரம்பிக்கவும் அதுதான், முடிக்கவும் அதுதான்.

2025 ஆகஸ்டில் ரொவன்பெரா சொந்த மண்ணில் முதல்முறையாக வென்றார். முதல் ஐந்து இடமும் இந்த ஊரில் பட்டறை வைத்திருக்கும் டொயோட்டா அணிக்கே. நான் குதித்தேன். பக்கத்தில் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர், "நோ நீன்" என்றார். இந்த முறை கொஞ்சம் இழுத்து.