போதும் என்பதே மிகுதி

ஆங்கிலப் பத்தியொன்றைத் தமிழாக்கிய மாணவன் ஒருவன், மிகுதியைக் குறித்த மூன்று சொற்களுக்கும் ‘நிறைய’ என்றே எழுதினான். பொருளிற் பிழையில்லை, ஆயினும் மூன்று காட்சிகள் மறைந்துபோயின.

‘அபண்டன்ஸ்’ என்பது, அலையைக் குறிக்கும் ‘உந்தா’ என்னும் இலத்தீன் சொல்லை வேராகக் கொண்டது. கரைபுரண்டு வழியும் வெள்ளம் அதனுள் ஒலிக்கிறது. ‘பிளென்டி’ என்பதன் வேரோ நிறைவைக் குறிக்கும் ‘பிளேனுஸ்’. அது வழிவதன்று, நிறைந்து நிற்பது.

மூன்றாவதாகிய ‘கலோர்’ ஐரிஷ் மொழி தந்தது. தான் சிறப்பிக்கும் பெயருக்குப் பின்னே நிற்பது அதன் இயல்பு. அதன் மூலமாகிய ‘கோ லோர்’ என்னும் தொடருக்குப் ‘போதிய அளவு’ என்பதும் பொருள். ‘மிகுதி’ என்பதும் பொருள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் உயிர்களைப் பறிகொடுத்த மக்களின் மொழி அது. சொல் பஞ்சத்தினும் பழையது. எனினும் பசியை அறிந்தோர் நாவில் அதன் இருபொருளும் ஒன்றாகவே விளங்கியிருக்கும்.

தமிழர் பந்தியிலும், உண்டவர் ‘போதும்’ எனக் கைம்மறிக்கும்போதே விருந்து நிறைவுறுகிறது. அகராதி பொருளைத் தரும். சொல்லின் வாழ்வைக் காட்டுதல் ஆசிரியர் கடன்.