வெள்ளாயணி: வயலுக்குச் சரி, வாய்க்கு?

களியக்காவிளையோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த ஊரான பாறசாலையின் கடைத்தெருவில் தமிழ் முடிவதில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் மட்டும் எல்லையைப் பொருட்படுத்தாமல் விளவங்கோட்டு வயல்களை நனைத்துவந்தது. 2004இல் கேரளம் அந்த நீரை நிறுத்தியது. 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. எவ்வளவு தண்ணீர் என்பதே வழக்கு. எப்படிப்பட்ட தண்ணீர் என்ற கேள்வி அதிகம் எழுவதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க ஏற்ற இடம் வெள்ளாயணி ஏரி. நெய்யாற்றின்கரையிலிருந்து பாலராமபுரம் கைத்தறிகளைக் கடந்து வடக்கே போனால், கோவளம் கடற்கரைக்கு அருகில் விரிகிறது. சாஸ்தாங்கோட்டை, பூக்கோடு ஏரிகளைப் போல இதுவும் நன்னீர் ஏரி. கரையில் 1955இல் தொடங்கிய வேளாண் கல்லூரி, ஓரங்களில் தாமரை, மோகன்லால் நடித்த 'கிரீடம்' (1989) படத்தால் பெயர்பெற்ற சிறு பாலம். கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நீர் கரிப்பதில்லை.

விவசாயிக்கு அதுதான் முக்கியம். சோடியம் மிகுந்தால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் எட்டாது. பாசன நீரில் சோடியம் ஈர்ப்பு விகிதம் 26ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. உப்பு குறைந்த வெள்ளாயணி நீர் இதில் எளிதாகத் தேறிவிடும்.

குடிநீர்ச் சோதனை கடுமையானது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்க வேண்டுமானால், 100 மில்லி ஏரி நீரில் கோலிஃபார்ம் பாக்டீரியா 50க்கு மேல் இருக்கக் கூடாது. குழாயில் வரும் நீரிலோ ஈ.கோலி அறவே கூடாது. வெள்ளாயணி நீரில் கோலிஃபார்ம் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கழிவுநீர்க் கசிவு இதைப் பெருக்கும். வயல்களிலிருந்து வழியும் உரம் நீர்ச்செடிகளைக் கொழுக்கவைக்கும். அவை அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும். முன்பு நெல்லுக்காக இந்த ஏரியை இறைத்து வற்றவைத்தார்கள். ஏரி சுருங்கினால், வந்து சேரும் அழுக்கைக் கரைக்கவும் நீர் போதாது.

சுற்றுவட்டாரக் குடிநீர்த் திட்டங்கள் இந்த ஏரியை நம்பியிருக்கின்றன. ஆனால் கிருமிக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று எனச் சோதித்தால்தான் அது தெரியவரும். எல்லையின் இருபுறமும் உள்ள குளங்களுக்கும் இதே விதிதான்: நெல் விளைந்துவிட்டது என்பதற்காக அந்த நீரைக் குடத்தில் மொண்டு குடித்துவிட முடியாது.