பாடகர் குழு யாருக்காகப் பாடுகிறது?

 

பணி ஓய்வுக்குப் பிறகு, சனிக்கிழமை மாலை எங்கள் பங்கின் பாடகர் குழு ஒத்திகையில் போய் உட்காருகிறேன். எனக்குப் பாடக் குரல் இல்லை. பிள்ளைகளுக்கு உச்சரிப்பு திருத்துவதுதான் என் வேலை. ழகரம் ளகரமானால் மைக் ஊருக்கே சொல்லிவிடும்! அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள், “இன்னைக்கு கொயர் பிரமாதம் சார்” என்கிறார்கள். கச்சேரி கேட்டுவிட்டு வருகிறவர்கள் பேசும் பேச்சு இது. “இன்னைக்கு நல்லாப் பாடினோம்” என்று ஒருவரும் சொல்வதில்லை.

திருவழிபாட்டில் மக்கள் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1963-இல். மக்களை அடியோடு விலக்கிவிட்டு எல்லாவற்றையும் பாடகர் குழுவே பாடுவது சரியல்ல என்று 1967-இல் வந்த திருஇசை பற்றிய ஏடு சொல்கிறது. பாடகர் குழு வேண்டாம் என்று இரண்டும் சொல்லவில்லை. மக்களைப் பாட வைப்பதும் அதன் பணி என்கின்றன.

மக்கள் ஏன் பாடுவதில்லை? பக்திக் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். பாட்டுப் பாடும் சிறுமிக்குத் தோதாக ஐந்தரைக் கட்டையில் சுருதி வைத்தால், பெஞ்சில் இருக்கும் ஆண்கள் எப்படி எட்டிப் பிடிப்பார்கள்? வாரம் ஒரு புதுப்பாட்டு என்றால் பாட்டிமார் எப்போது கற்றுக்கொள்வது? ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் குரலே கேட்காதபோது, தன் குரலைத் திறக்க யாருக்குத் துணிவு வரும்?

தவக்காலத்தில் இசைக்கருவி, பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் மட்டும் விதிவிலக்கு. கீபோர்டை அடக்கி வாசித்தால்தான் கோவிலில் எத்தனை பேர் பாடுகிறார்கள் என்பது தெரியும். எங்கள் கோவிலில் கேட்டுப் பார்த்தேன். முன்வரிசையில் நாலைந்து கிழவிகள், அவ்வளவுதான்.

இதை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. அண்மையில் ஒரு வேலைநாளில் அடக்கத் திருப்பலி. பாடும் பிள்ளைகள் கல்லூரியில், கீபோர்டு தம்பி வெளியூர்க் கலியாணத்தில். அந்தக் கிழவிகளே ஒரு பழைய பாட்டை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது அடியில் நடுத்தர வயதுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். இறந்தவரின் மகன் விம்மிக்கொண்டே பாடினார். சிறு வயதில் வாரந்தோறும் சேர்ந்து பாடியதால் அவர்கள் நெஞ்சில் தங்கிய பாட்டு அது. இளையவர்கள் மட்டும் வாய்மூடி நின்றார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு பாட்டை நாம் கொடுக்கவே இல்லை.

பாடகர் குழுவினருக்கு என் வேண்டுகோள் மூன்று. புதுப்பாட்டு மாதம் ஒன்று போதும். பூசைக்கு முன் ஐந்து நிமிடம் மக்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள். சுருதியைக் கொஞ்சம் இறக்குங்கள். பதிலுரைப் பாடல் இறைவார்த்தை வழிபாட்டின் பகுதி. அந்த இடத்தில் வேறு பாட்டு வேண்டாம், பல்லவியை மக்களிடம் விடுங்கள்.

எனக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. என் அடக்கம் எந்தக் கிழமையில் வருமோ! அன்றைக்குக் குழு வராவிட்டாலும் கோவில் பாட வேண்டும்.

உங்கள் பங்கில் எப்படி? எழுதுங்கள்.