குப்பத்துக்குக் குடிபோகலாமா?



பெங்களூரு வாடகையும் நெரிசலும் போதும், குடும்பத்தோடு ஆந்திர எல்லையிலுள்ள குப்பத்துக்கு வந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். குப்பத்துக்காரர்களோ விடியற்காலையில் பெங்களூருக்கு ரயிலேறிக்கொண்டிருக்கிறார்கள். சுமார் 100 கிலோமீட்டர். கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய், ராத்திரி படுக்க மட்டும் ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். நீங்கள் வர நினைக்கும் ஊரிலிருந்து அவர்கள் ஏன் அன்றாடம் கிளம்புகிறார்கள் என்று தெரியாமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் காரணம் தண்ணீர். பாலாறு இந்தப் பக்கமாகத்தான் வாணியம்பாடிக்கு இறங்குகிறது. ஆனால் ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். கணேசபுரத்தில் அணை கட்ட 2006இல் ஆந்திர அரசு முனைந்தபோது தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விவசாயிகள் நம்பியிருப்பது போர்வெல்லைத்தான். 1,000 அடி தாண்டியும் வெறும் புழுதியைக் கக்கிய போர்களின் கதை கிராமத்துக்கு நாலு கிடைக்கும். கடன் வாங்கிப் போர் போட்டவர் அந்தக் கடனை அடைக்க மறுநாளே ரயிலேறுகிறார்.

இப்போது கிருஷ்ணா தண்ணீர் வந்திருக்கிறது. ஹந்திரி-நீவா திட்டத்தில் ஸ்ரீசைலம் அணைத் தண்ணீரை மேட்டுக்கு மேடு பம்ப் வைத்து ஏற்றி, 700 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் கொண்டுவருகிறார்கள். 2024 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி ராமகுப்பம் பக்கம் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஆட்சி மாறிய பிறகு, 2025 ஆகஸ்டில் முதல்வர் சந்திரபாபு நாயுடு பரமசமுத்திரத்தில் ஜலஹாரத்தி எடுத்தார். ஒரே கால்வாய்க்கு இரண்டு திறப்பு விழா. ஏரி நிரம்பினால் சுற்றுவட்டாரப் போர்களில் நீர் ஊறும், உண்மைதான். ஆனால் அவ்வளவு தூரம் கரண்டில் ஏறி வரும் தண்ணீர் வருடா வருடம் வருமா என்பதை நாலைந்து கோடை பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சந்திரபாபு 1989 முதல் தொடர்ந்து எட்டுத் தேர்தல்களில் வென்ற தொகுதி இது. அதனால் குப்பத்துக்கு எதுவும் முதலில் வரும். தொண்ணூறுகளில் இஸ்ரேல் முறைச் சொட்டுநீர்ப் பண்ணை வந்தது. 2002இல் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் கிராமங்களுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் நடிமூரு கிராமத்தில் வீட்டுக்கு வீடு சோலார். இஸ்ரேல் பண்ணை நிலைக்கவில்லை, ஹியூலெட்-பேக்கார்டு திட்டக் காலம் முடிந்ததும் நடையைக் கட்டியது. ஆகவே மேடையில் அறிவிக்கும் விமான நிலையத்தையும் தொழிற்சாலையையும் நம்பி மனை வாங்காதீர்கள். முதல்வரே சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்சியது 2025 மே மாதம்தான், சாந்திபுரம் மண்டலம் சிவபுரத்தில். முதல் வெற்றிக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் இடையே 36 ஆண்டு. அவரே அவ்வளவு யோசித்திருக்கிறார்!

இனி அண்ணி கேட்ட கேள்வி: பிள்ளைகளின் படிப்பு. கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வரும், அந்தக் கவலை வேண்டாம். 1953க்கு முன் இதெல்லாம் சென்னை மாகாணம்தானே. 1997இல் இங்கே திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் இந்த மும்மொழி எல்லையை மனத்தில் வைத்துத்தான். ஆனால் பள்ளியில் தெலுங்கு, தாசில்தார் ஆபீசில் தெலுங்கு. சின்னவள் ஒரே வருடத்தில் பிடித்துக்கொள்வாள். கணக்குப் போட வேண்டியது மூத்தவனுக்குத்தான்.

ஆந்திரத்தில் மருத்துவம், பொறியியல் சீட்டுகளில் 85 சதவீதம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் நாலு ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் தொடர்ச்சியாகப் படித்தவர்தான் உள்ளூர். அதாவது ஒன்பதாம் வகுப்பிலிருந்து இங்கே இருக்க வேண்டும். கர்நாடகத்தில் ஏழு ஆண்டுப் படிப்போடு பத்தாவதோ பி.யூ.சி.யோ அங்கேயே தேறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்திராவிட்டால் மருத்துவச் சீட்டுக்கு இருப்பிடச் சான்று கேட்பார்கள். அவன் இப்போது எட்டாவது. வருகிற ஜூனில் வந்தால் ஆந்திரக் கணக்கு சரியாக விழும். ஒரு வருடம் தள்ளிப்போனால் மூன்று மாநிலத்துக்கும் அவன் வெளியூர்க்காரனாகிவிடும் ஆபத்து உண்டு. சாதிச் சான்றும் எல்லை தாண்டினால் மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. வீட்டு வாடகையைவிட இதுதான் பெரிய செலவு.

அம்மாவுக்கு ஊர் தோதுப்படும். வேலூர் வெயில் இல்லை, பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. இந்த அளவு ஊர்களில் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது. பிள்ளைகளுக்கு இன்னொரு லாபம், குடிவங்காவில் உள்ள அகஸ்தியா அறக்கட்டளை வளாகம். வங்கி வேலையை விட்டுவந்த ராம்ஜி ராகவன் 1999இல் தொடங்கிய அமைப்பு. 172 ஏக்கர் பொட்டல் குன்றை மரமும் ஆய்வுக்கூடமுமாக மாற்றியிருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கித் தொட்டுப் பார்த்து அறிவியல் படிக்கிறார்கள்.

தென்காசியைப் பார், ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து 2019இல் மத்தளம்பாறைக்கே குடிவந்துவிட்டாரே என்று நீங்கள் சொல்வீர்கள். வந்தார். ஆனால் அவருடைய ஸோஹோ நிறுவனம் 2011இலேயே அந்தப் பக்கம் ஆபீஸ் திறந்துவிட்டது. வேலை முன்னே போனது, முதலாளி பின்னே போனார். குப்பத்துக்காரர்கள் ரயிலேற இரண்டாவது காரணம் இதுதான்: குப்பத்தில் அப்படி முன்னே வந்த வேலை மிகக் குறைவு. கிரானைட் குவாரி, பட்டுக்கூடு, பால், தக்காளி, பிறகு அரசு வேலை. உங்கள் கம்பெனி வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க எழுத்தில் ஒப்புக்கொண்டால் கதை வேறு. இல்லையென்றால் நீங்களும் அந்த ரயில்தான்.

நிலம் வாங்கும் ஆசை இருக்கிறதே, அதை இரண்டு வருடம் ஒத்திப்போடுங்கள். தரகர் மலிவாகக் காட்டும் நிலம் பெரும்பாலும் டி.கே.டி. பட்டாவாக இருக்கும். ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலம் அது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கைமாற்றவே தடை போட்டது. 2023 திருத்தம் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு வழி விட்டாலும், சார்பதிவாளர் அலுவலகத்தின் 22-ஏ தடைப் பட்டியலில் சர்வே எண் இருக்கிறதா என்று பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ்கூட வேண்டாம். காட்டோரம் என்றால் யானை. கௌண்டின்யா சரணாலயத்துக் கூட்டங்கள் வாழையையும் கரும்பையும் தேடி வருகின்றன. அவற்றை விரட்டக் கர்நாடகம் 2025 மே மாதம் ஆந்திரத்துக்குக் கும்கிகளைக் கொடுத்திருக்கிறது.

ஆக, வரலாம். வாடகை வீட்டுக்கு, பெங்களூரு வேலையை விடாமல், ஜூனுக்குள். அதற்கு முன் ஏப்ரலில் அண்ணியையும் அழைத்துக்கொண்டு ஒரு நடை வாருங்கள். எந்தத் தெருவில் டேங்கர் லாரி நிற்கிறது என்று அந்த மாதம்தான் தெரியும். மே மாதம் வேண்டாம். கங்கம்மா ஜாத்திரை நடக்கும்போது வீடு காட்ட ஆள் கிடைக்காது.